இரண்டாவது மேசையின் வலப்பக்கம்

ஆயுத பூஜையன்று காலை, கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே கழற்றி விட்ட செருப்புகள் வராந்தா கொள்ளாமல் படிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டன. மற்ற நாட்களில் அங்கே ஒரு ஜோடிதான் கிடக்கும். அது ஜெபகுமாருடையது.

மண்ணூரை ஒட்டியிருந்த அந்தக் கம்பெனியில் ஸ்கூட்டருக்கான தகட்டு உறுப்புகளை பிரஸ்ஸில் அடித்துக் கொடுத்தார்கள். அதற்கான அச்சுகளை வரைவதற்காக முதலாளி பலராமன் போன வருடம் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். தூசி ஆகாது என்று அதற்குத் தனி அறை, ஏசி, கண்ணாடிக் கதவு. பலராமனின் அறையிலேயே மின்விசிறிதான் ஓடியது. உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும் என்ற விதியும் சேர்ந்ததும் பிரஸ் ஷாப்பில் அதற்கு 'ஏசி சாமி' என்று பெயர் விழுந்தது. டிராயிங் போடும் ஜெபகுமார் பூசாரி ஆனான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன் என்பதால் அந்தக் கேலி இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது.

"இன்னா பூசாரி, சாமி இன்னிக்கி இன்னா சொல்லுது?" என்று பிரஸ் ஓட்டும் எல்லப்பன் தினமும் கேட்பான். ஜெபகுமார் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவான். வார்த்தைகளை விடக் கோடுகள் அவனுக்கு எளிதாக வந்தன.

இன்று காலை சாமி ஓர் ஆஸ்பத்திரியைக் காட்டப் போகிறது.

அந்த ஆஸ்பத்திரி இன்னும் கட்டப்படவில்லை. கம்பெனிக்கு அடுத்த காலி நிலத்தில் முள்செடிகளை வெட்டிச் சமன் செய்திருந்தார்கள், அவ்வளவுதான். பலராமன் தன் அப்பா பெயரில் தொடங்கிய அறக்கட்டளை கட்டுகிறது. டாக்டர் ஞானம்மா நடத்தப்போகிறார். அவர் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வாடகை வீட்டில் சின்ன கிளினிக் வைத்திருந்தார். ஜெபகுமாரின் மனைவி ஷாரோன் அங்கேதான் நர்ஸ்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் எல்லப்பனின் இடது கை பிரஸ்ஸில் மாட்டியது. கிளினிக்கில் இருந்த ஒரே மேசையில் அவனைப் படுக்கவைத்து டாக்டர் ரத்தத்தை நிறுத்திக்கொண்டிருந்தபோது, மண்ணூரிலிருந்து ஒரு பெண்ணைப் பிரசவ வலியோடு கொண்டுவந்தார்கள். மேசை இல்லை. கொஞ்ச நேரம் பெஞ்சில் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, வேனில் ஏற்றிக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பினார்கள். கூடப் போனவள் ஷாரோன். குழந்தை வழியிலேயே பிறந்தது, தங்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்ட ஷாரோன், "இன்னொரு டேபிள் இருந்திருந்தா போதும்" என்றாள். அதற்கு மேல் அவள் பேசவில்லை. அவனும் கேட்கவில்லை. அந்த ஒரு வாக்கியம் அவர்கள் வீட்டில் நடு அறையில் போட்ட நாற்காலி போல நின்றது. இருவரும் அதில் இடித்துக்கொள்ளாமல் நடக்கப் பழகிக்கொண்டார்கள்.

புது ஆஸ்பத்திரிக்காகச் சென்னையிலிருந்து வந்த வரைபடத்திலும் ஒரே ஒரு ஆபரேஷன் அறைதான் இருந்தது. பிரசவத்துக்கு ஒன்று, காயத்துக்கு ஒன்று என்று டாக்டர் இரண்டு கேட்டிருந்தார். பலராமன் கட்டட நிபுணருக்குப் போன் செய்தார். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பேசுகிறேன் என்றதும் மறுமுனை ஒரு கணம் அடங்கிப்போனது. அந்த வருடம் மே மாதம் அங்கே நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு ஊர்ப் பெயரைக் கேட்டதும் எல்லோரும் அப்படித்தான் அடங்கிப்போனார்கள். பிறகு அந்தக் குரல், இருக்கிற இடத்துக்குள் இரண்டு அறை வராது, மாடி போட்டால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டது. மாடிக்கு இப்போது வழியில்லை.

அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்க்கலாமே என்று முதலில் சொன்னவர் பலராமன்தான். அச்சை எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டுகிற பெட்டி, ஒரு கட்டடத்தைத் திருப்பிக் காட்டாதா என்று கேட்டார். ஜெபகுமார் அன்று மாலை டீ குடிக்கவும் எழுந்து போகவில்லை. அதுவரை அவன் அந்தத் திரையில் வரைந்ததெல்லாம் கெட்டியான இரும்புக் கட்டிகள். மனிதர் உள்ளே போகக்கூடிய ஒன்றை அவன் வரைந்ததே இல்லை.

ஷிப்ட் முடிந்த பிறகு தினமும் உட்கார்ந்தான். சுவரை நிற்கவைத்தான். கதவுக்கு இடம் விட்டான். கட்டில்களைப் போட்டான். பிறகு, உள்ளே நின்று பார்க்கிறவரின் கண் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று மெஷின் கேட்டபோது, யோசிக்காமல் ஷாரோனின் உயரத்தைக் கொடுத்தான். திரை கறுத்து, ஒவ்வொரு கோடாக வந்து, வார்டு அவன் முன்னால் நீண்டது. இன்னும் ஒரு செங்கல்கூட இல்லாத இடத்தின் ஜன்னலிலிருந்து அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் ஞானம்மா ஒரு மதியம் வந்து பார்த்தார். தண்ணீர்க் குழாய்க்கு ஒரு நிறம், கரண்டுக்கு ஒரு நிறம், ஆக்சிஜன் குழாய்க்கு ஒரு நிறம். சுவரை மறைத்துவிட்டுக் குழாய்களை மட்டும் காட்டினான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். கட்டடத்துக்கே எக்ஸ்ரே எடுக்கிறீர்கள் என்றார். பூசி வெள்ளையடித்த பிறகும் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று இது சொல்லுமா என்று கேட்டார். சொல்லும் என்றான். ஒரு குழாய் மாறினால் இதிலும் மாற்றிவிட்டால் எத்தனை வருடமானாலும் சொல்லும். அவர் தன் கிளினிக்கில் ஒரு கசிவைத் தேடி மூன்று சுவர்களை உடைத்த கதையைச் சொல்லிச் சிரித்தார். கட்டி முடித்த பிறகும் இதை மூடிவைத்துவிடக் கூடாது, ஆஸ்பத்திரி இருக்கிற வரைக்கும் இதுவும் கூடவே வளர வேண்டும் என்றார்.

குழாய்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் அவனுக்கு அது தோன்றியது. ஆபரேஷன் அறையின் ஒரு சுவரில்தான் எல்லாக் குழாய்களும் போகின்றன. அந்தச் சுவரை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு அறை வைத்தால்? குழாய் ஒரு தடவைதான். கருவிகளைக் கொதிக்கவைக்கும் இடமும் ஒன்றே போதும். சுவரில் ஒரு சின்ன ஜன்னல் வைத்து இருபக்கமும் எடுத்துக்கொள்ளலாம். முதல் அறையை வரைந்து முடித்தான். இரண்டாவது அறைக்கு அவனுக்கு ஒரே ஒரு கட்டளைதான் தேவைப்பட்டது. ஸ்கூட்டரின் இடது பக்க மூடியை வரைந்தால் வலது பக்க மூடியை யாரும் தனியாக வரைவதில்லை; நடுவில் கண்ணாடி பிடித்தது போல ஒரு பிம்பம் எடுப்பார்கள். அந்தக் கம்பெனியில் எல்லாமே ஜோடி ஜோடியாக அப்படித்தான் பிறந்தன. அவன் விரல் தானாகப் போய் அந்தக் கட்டளையை அடித்தது. சுவருக்கு மறுபக்கம் இரண்டாவது அறை வந்து உட்கார்ந்தது. ஓரம்கூட வெளியே பிதுங்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போய், "ரெண்டு டேபிள் வருது" என்று மட்டும் சொன்னான். ஷாரோன் கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு வெகுநேரம் அவனைப் பார்த்தாள்.

அதைத்தான் இன்று காலை காட்டுகிறான். பூஜைக்கு முன்னால் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நாளை விஜயதசமி. சூரியன் வந்ததும் கொத்தனார்கள் நிலத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கடைக்கால் தோண்ட ஆரம்பிக்கிறார்கள். தள்ளிப்போட முடியாது, ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அந்தக் களிமண்ணில் பொங்கல் வரைக்கும் கடப்பாரை இறங்காது. இரண்டு அறை சரியென்றால் இரண்டு அறைக்குக் கோடு. இல்லையென்றால் சென்னைப் படத்தில் இருக்கிறபடி ஒன்று. இதைப் பலராமன் எல்லோர் முன்னாலும் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

அறைக்குள் நிற்க இடமில்லை. கண்ணாடிக்கு வெளியிலும் முகங்கள். பிரஸ் ஷாப் ஃபோர்மேன் தாண்டவராயன் புது வேட்டியும் விபூதியுமாகக் கதவருகே நின்றார். ஜெபகுமார் விசையைத் தட்டினான். கோடு கோடாக வாசல் வந்தது, வராந்தா வந்தது. யாரோ தன்னையறியாமல் தலையைக் குனிந்தார்கள், கதவு உயரம் போதாதது போல. சிரிப்பு எழுந்தது. இரண்டு அறைகளும் தெரிந்தபோது பலராமன் மேசையைத் தட்டினார். இந்தப் பெட்டிக்குப் போட்ட காசு இன்றைக்கு வந்துவிட்டது என்றார். எல்லப்பன் கண்ணாடிக்கு வெளியிலிருந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினான். அந்தக் கையில் அவனுக்கு இருப்பதே மூன்று விரல்தான்.

டாக்டர் ஞானம்மா மட்டும் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் உள்ளே கூட்டிப்போகச் சொன்னார். முதல் அறை. கதவு, மேசை, மேசைக்கு அந்தப் பக்கம் குழாய்ச் சுவர். இந்தப் பக்கம் காலியிடம். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வலக்கையை நீட்டி, திரையில் இல்லாத ஒரு வயிற்றைத் தொட்டார். தலையாட்டினார். இரண்டாவது அறைக்குப் போகச் சொன்னார். கதவு, மேசை. அவர் கை நீட்டப்போய் அப்படியே நின்றது.

"என்ன எங்க நிக்கச் சொல்றீங்க, ஜெபகுமார்?"

அவனுக்குப் புரியவில்லை. அவர் திரையில் விரல் வைத்துக் காட்டினார். நோயாளியின் வலப்பக்கம் நின்றுதான் டாக்டர் பார்ப்பார். காலேஜில் முதல் நாளிலிருந்து அப்படித்தான் பழக்கம். முதல் அறையில் நோயாளியின் இடக்கைப் பக்கம் சுவர். வலக்கைப் பக்கம் டாக்டருக்கு இடம். கண்ணாடி பிடித்து எடுத்த இந்த அறையில் எல்லாம் மாறிவிட்டது, நோயாளியைத் தவிர. வலக்கைப் பக்கம் சுவர் வந்துவிட்டது. ஈரல் இடம் மாறாது, இதயம் இடம் மாறாது, என் கையும் மாறாது என்றார். இடப்பக்கம் நின்று பழகிக்கொள்ளலாமே என்று பலராமன் கேட்டார். அவர் கோபப்படவில்லை.

"நிதானமா இருந்தா பழகிக்கலாம் சார். அவசரத்துல கை யோசிக்காது."

அப்படியானால் மேசையைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடு என்றார் பலராமன். ஜெபகுமார் திருப்பினான். டாக்டருக்கு இடம் வந்தது. ஆனால் நோயாளியின் தலை கதவுக்கு நேராக வந்துவிட்டது. மயக்க மருந்து கொடுக்கிறவர் நிற்கிற இடத்தில் தள்ளுவண்டி வந்து முட்டும். டாக்டரோடு வந்திருந்த ஷாரோன் மெதுவாக, "அது சரியா வராதுங்க" என்றாள்.

அப்போது தாண்டவராயன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நல்ல நேரம் போகிறது என்றார். மெஷினை நிறுத்த வேண்டும்.

ஜெபகுமார்தான் சுவிட்சை அணைத்தான். திரைக்கும் விசைப்பலகைக்கும் அவனே சந்தனம் வைத்தான். போன வருடமும் அவன்தான் வைத்தான். அவனை யாரும் வை என்றும் சொன்னதில்லை, வைக்காதே என்றும் சொன்னதில்லை. தாண்டவராயன் குங்குமம் வைத்துச் சாமந்தி மாலையைப் போட்டார். இனி நாளை காலை மறுபூஜை வரைக்கும் அதை யாரும் தொட முடியாது. பிரஸ், கடைசல் மெஷின், ஸ்பேனர், சுத்தியல் எல்லாம் அப்படித்தான். சமையலுக்கான காய்களைக்கூட முன்னாடியே நறுக்கி முடித்து, அரிவாள்மணைகளையும் கழுவிப் பொட்டு வைத்திருந்தார்கள். கேட்டில் பூசணிக்காய் உடைந்தது. கற்பூரம் எல்லா மெஷின்களையும் சுற்றி வந்தது. ஜெபகுமார் கைகட்டி நின்றான். கதவுக்குப் பக்கத்தில் நின்ற ஷாரோனை அவன் பார்க்கவில்லை. பார்த்தால் அந்த நாற்காலியில் இடித்துக்கொள்ள வேண்டும்.

பலராமன் அவன் தோளைத் தொட்டு, பரவாயில்லை ஜெபா, ஒரு ரூமாவது உருப்படியாக வருகிறதே என்றார். அது ஆறுதலாகத்தான் சொல்லப்பட்டது.

கழுவி விட்ட பிரஸ் ஷாப் தரையில்தான் சாப்பாடு. எதிரெதிராக இரண்டு வரிசை பாய் விரித்து, நடுவில் பரிமாறுகிறவர்களுக்கு நடைவழி விட்டிருந்தார்கள். எல்லப்பன் இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு அந்த நடைவழியில் வந்தான். இந்தப் பக்கம் ஓர் இலை, அந்தப் பக்கம் ஓர் இலை என்று வேகமாகப் போட்டுக்கொண்டே போனான். எல்லா இலைகளின் நுனியும் சரஸ்வதி படம் இருக்கிற பக்கமாகவே பார்த்தன.

பலராமனின் மனைவி சுந்தராம்பாள் சாம்பார் வாளியோடு வந்தவர் நின்றுவிட்டார்.

"இன்னாடா எல்லப்பா, இந்த வரிசைக்கி கருமாதியா பண்றோம்? நுனி எந்தப் பக்கம் வருது பாரு."

"சாமிய பாத்துகினு கீதுக்கா. நல்லதுதான."

"சாமியா சாப்பிடப் போவுது? உக்கார்றவங்களுக்கு எடது கைப் பக்கம் வரணும்டா நுனி. திருப்பு."

எதிர் வரிசைதான் தவறு. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லப்பனைக் கிண்டல் செய்தபடி தங்கள் இலைகளைத் தாங்களே திருப்பிக்கொண்டார்கள். ஷாரோன் அந்த வரிசையில், ஜெபகுமாருக்கு நேர் எதிரில் இருந்தாள். அவள் தன் இலையின் நடுவில் உள்ளங்கையை வைத்து ஒரு அரைச்சுற்று சுற்றினாள். அடி இருந்த இடத்தில் நுனி வந்தது.

ஜெபகுமார் அந்தக் கையையே பார்த்தான்.

அவன் இலையின் நுனி சரஸ்வதி பக்கம். அவள் இலையின் நுனி கேட் பக்கம். ஆனாலும் இரண்டும் ஒரே இலைதான். இரண்டு பேருக்கும் உப்பு இடப்பக்கம், சோறு நடுவில். இரண்டு பேரும் வலக்கையால்தான் சாப்பிடப் போகிறார்கள். எதிரில் உட்கார்கிறவருக்கு யாரும் கண்ணாடி பிடித்து இலை போடுவதில்லை. கறியை மட்டும் இடம் மாற்றி வைப்பதும் இல்லை. இலையையே திருப்புகிறார்கள்.

அறையையே திருப்ப வேண்டும். மேசையை மட்டும் அல்ல. குழாய்ச் சுவரின் நட்டநடுவில் உள்ளங்கையை வைத்து, மேசை, அலமாரி, கதவு எல்லாவற்றோடும் முழு அறையையும் அரைச்சுற்று. அப்படிச் செய்தால் கதவு எங்கே வரும்? பின்பக்கம். அங்கே நடைகூடமே இல்லை, வெறும் வெளி. அதனால்தான் அது ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆனால் பின்பக்கம்தான் கம்பெனி பஸ் திரும்புகிற மண்பாதை. பிரஸ்ஸில் அடிபட்டவனை எந்த வழியாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள்?

எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. ஆனால் பந்தியில் பாதியில் எழுந்திருக்கக் கூடாது. இரண்டு பக்கமும் ஆட்கள் சாப்பிடுகிறார்கள். அவன் சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டான். தண்ணீரில் விரலை நனைத்துத் தரையில் ஒரு கோடு போட்டான். அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு கட்டம் போட்டான். வெக்கையில் காய்ந்துபோனது. மறுபடி போட்டான். ரசம் வந்தது. பாயசம் வந்தது. சுந்தராம்பாள் இன்னும் கொஞ்சம் என்றார், அவன் மறுக்க மறந்தான். ஷாரோன் எதிரிலிருந்து அவன் விரலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மோர் வருவதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் தன் இலையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், வாயை இடக்கையால் மூடிக்கொண்டாள். அவள் அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

கை கழுவிய ஈரத்தோடு டாக்டரிடம் போனான். மிச்சமிருந்த இரண்டு இலைகளைத் தரையில் போட்டு, நடுவில் ஒரு குச்சியை வைத்து, ஓர் இலையைச் சுற்றிக் காட்டினான். டாக்டர் ஞானம்மா குனிந்து பார்த்து, ஓர் இலையின் பக்கத்தில் நின்றார். பிறகு சுற்றிப் போய் மற்றதன் பக்கத்தில் நின்றார். இரண்டு இடத்திலும் வலக்கை நீண்டது. காயம்பட்டவர்கள் பிரசவ வார்டு வழியாக வராமலே நேராக உள்ளே வந்துவிடலாம் இல்லையா என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்.

பலராமன் இலைகளைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். அவர் காலையில் திரையிலேயே பார்த்துவிட்டாரே. இனி இலையை வைத்து அவரை நம்பவைக்க முடியாது. காலையிலும் சரியாக இருக்கிறது என்றுதான் மேசையைத் தட்டினேன் என்றார். பின்பக்கம் கதவு என்றால் சாய்தளம் வேண்டும், கூரை வேண்டும், இடம் இருக்கிறதா தெரியாது. ஸ்க்ரீனில் காட்டினால் நம்புகிறேன் என்றார்.

எல்லோரும் கண்ணாடிக் கதவைப் பார்த்தார்கள். உள்ளே மாலையோடு கம்ப்யூட்டர் இருட்டில் உட்கார்ந்திருந்தது.

ஜெபகுமார் வாய் திறக்கவில்லை. அவன் கேட்டால் பலராமன் சம்மதிக்கக்கூடும். ஆனால் அதை அவன் கேட்கக் கூடாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தன் சாமி அல்ல என்பதால்தான் கேட்டான் என்று ஒருவர் நினைத்தாலும் போதும். தன் கையால் வைத்த சந்தனத்துக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும். பலராமன் தாண்டவராயனைப் பார்த்தார்.

"பூஜைல கீற மிஷின நான் எடுக்க மாட்டேன் சார்," என்றார் தாண்டவராயன். "பிரஸ்ஸா இருந்தாலும் அதான், ஏசி சாமியா இருந்தாலும் அதான்."

யாரும் அவரோடு வாதாடவில்லை. நாளை காலை மறுபூஜை முடிந்ததும் முதலில் பெரிய பிரஸ் ஓடும். அது கம்பெனியின் முதல் மெஷின், தாண்டவராயன்தான் ஓட்டுவார். பிறகு கம்பெனிக்கு வந்த வரிசைப்படி ஒவ்வொன்றும். கடைசியாக வந்தது கம்ப்யூட்டர். அதன் முறை வருவதற்குள் கொத்தனார்கள் பாதிக் கடைக்கால் தோண்டியிருப்பார்கள்.

தாண்டவராயன் தரையிலிருந்த இலைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஜெபகுமாரிடம், படுக்கிறவர்களுக்குத் தலை எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்டார். ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே என்றான். "வடக்க இல்லியே" என்றார் அவர். அவ்வளவுதான்.

அப்போதுதான் எல்லப்பன் பேசினான். இலைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு, தாண்டவராயனைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்துச் சொன்னான்.

"அன்னிக்கி அந்த டேபிள் மேல நாந்தான் படுத்துகினு கீறேன் மேஸ்திரி. வெளிய அந்தப் பொண்ணு கத்துது. எனக்குக் கேக்குது. எழுந்துக்கலாம்னு பாத்தேன், டாக்டரம்மா வுடல."

டாக்டர் ஞானம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஷாரோன் தரையைப் பார்த்தாள். ஒரு வருடமாக அவர்கள் மூவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாத ஒன்று, கழுவிய தரையில் இலைகளுக்கு நடுவே வந்து நின்றது.

தாண்டவராயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"மறுபூஜைய விடியறதுக்கு முன்ன வச்சிக்கலாம்," என்றார். "பிரஸ்ஸு இத்தினி வருசமா மொதல்ல ஓடிச்சி. நாளைக்கி அது ரெண்டாவதா ஓடட்டும். டேய் பூசாரி, நேரத்துக்கு வந்து சேரு."

மறுநாள் வானம் வெளுக்கும்போது வராந்தாவில் மறுபடி செருப்புகள். கற்பூரம் காட்டி, மாலையைக் கழற்றி, தாண்டவராயன் விலகி நின்றார். ஜெபகுமார் சுவிட்சைப் போட்டான். பெட்டி முனகி விழித்தது. திரையின் ஓரத்தில் குங்குமம் இன்னும் இருந்தது. பழைய இரண்டாவது அறையை அவன் அழித்தபோது பின்னால் நின்றவர்கள் மூச்சுவிட்டது கேட்டது. முதல் அறையை நகல் எடுத்தான். சுவரின் நடுப்புள்ளியைத் தொட்டான். அரைச்சுற்று என்று அடித்தான்.

கோடுகள் வந்தன. ஒரு மூலை. ஒரு கதவு, பின்பக்கம். மேசை. பார்க்கிறவரின் கண்ணை அவன் கொண்டுபோய் மண்பாதையில் வைத்து, உள்ளே நுழைந்தான். சாய்தளத்துக்கு இடம் இருந்தது. பஸ் திரும்பவும் மிச்சம் இருந்தது. கதவு. மேசை. அந்தப் பக்கம் சுவர், குழாய்கள் அதே நிறங்களில். இந்தப் பக்கம் இடம். டாக்டர் ஞானம்மாவின் வலக்கை எழுந்து, நீண்டு, எங்கும் இடிக்காமல் நின்றது.

பலராமன் வெகுநேரம் பார்த்தார். பிறகு, "பிளாட் எடு" என்றார்.

பேனா பிடித்த கை போல, படத்தைத் தாளில் வரைந்து தரும் பிளாட்டர் ஓடியது. எல்லப்பன் அதன் மேல் குனிந்து, இது என்னைவிட வேகமாக இலை போடும் போலிருக்கிறதே என்றான். மை காயும் முன்பே தாளைப் பிடுங்கிக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள். ஏரிப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. பின்னால் பெரிய பிரஸ் தன் முதல் அடியை அடித்தது. நிலம் லேசாக அதிர்ந்தது. அந்தச் சத்தம் இரண்டாவதாக வந்ததை எல்லோரும் கேட்டார்கள்.

கொத்தனார்கள் கயிறு பிடித்தார்கள். எல்லப்பன் சட்டியிலிருந்து சுண்ணாம்புப் பொடியை அள்ளி, மூன்று விரல்களுக்கு நடுவே கயிறோரமாக விட்டுக்கொண்டே போனான். கோணாமல் விழுந்தது. களிமண்ணில் வெள்ளைக் கோடுகளாக ஆஸ்பத்திரி வந்தது, திரையில் வந்தது போலவே, ஒவ்வொரு சுவராக. கடப்பாரை போடுவதற்கு முன்னால் ஒரு தடவை நின்று பார்த்துவிடுகிறேன் என்று டாக்டர் கேட்டார். பின்பக்கக் கதவு வழியாக, கோடு விட்டிருந்த இடைவெளியில் மட்டும் கால் வைத்து, இரண்டாவது அறைக்குள் போனார். யாராவது படுங்களேன் என்றார்.

எல்லப்பன் சட்டியை வைத்துவிட்டுப் போய், மண்ணில் மல்லாந்து படுத்தான். டாக்டர் அவன் வலப்பக்கம் மண்டியிட்டார்.

ஷாரோன் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவள் முன்பக்கமாகச் சுற்றி, நடைகூடமாகப் போகிற இடத்தில் நடந்து, முதல் அறைக்குள் போனாள். அங்கே யாரும் படுத்திருக்கவில்லை. வெறும் மண். அவள் அதன் வலப்பக்கம் மண்டியிட்டு, மேசை வரப்போகிற இடத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு. அதற்கு இரண்டு பக்கமும், பந்தியில் உட்கார்ந்தவர்களைப் போல, டாக்டரும் ஷாரோனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் மழைத்துளி சுண்ணாம்பில் விழுந்தது. ஜெபகுமார் சுருட்டிய தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, ஒரு கடப்பாரையை எடுத்தான்.